கடற்போரை மரத்தில் செதுக்கியவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில், ஜப்பானிய ஓவியர் கோபயாஷி கியோச்சிகா 1894 அக்டோபரில் வெளியிட்ட சீன–ஜப்பான் போரின் (1894–95) மஞ்சள் கடல் போர்க் காட்சியை அச்சிட்டிருந்தோம். மூன்று தாள்கள் சேர்ந்து ஒரே காட்சியாக விரியும் அந்த மரச்செதுக்கு அச்சுப் படத்தைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி (வாசகர், மதுரை): படத்தில் கடலின் மேற்பரப்பும் தெரிகிறது, கடலுக்கு அடியில் மூழ்கிக்கொண்டிருக்கும் கப்பலும் தெரிகிறது. ஓவியர் இதை எங்கிருந்து பார்த்து வரைந்தார்?

பதில்: அவர் பார்க்கவே இல்லை. யாலு ஆற்றின் முகத்துவாரத்துக்கு அப்பால் 1894 செப்டம்பர் 17 அன்று நடந்த அந்தப் போரில், அட்மிரல் இதோ சுகேயுகியின் தலைமையில் ஜப்பானியக் கப்பல்களும் அட்மிரல் டிங் ருசாங்கின் தலைமையில் சீனாவின் பெய்யாங் கடற்படையும் மோதின. அந்த மோதலில் சீனா ஐந்து கப்பல்களை இழந்தது. ஜப்பானியக் கப்பல்கள் சில கடுமையாகச் சேதமடைந்தாலும் ஒன்றுகூட மூழ்கவில்லை. அந்த நேரத்தில் கியோச்சிகா தோக்கியோவில் இருந்தார். தந்திச் செய்திகள், நாளிதழ்களில் வந்த வர்ணனைகள், கப்பல்களைப் பற்றி அதுவரை அச்சில் வந்திருந்த படங்கள் ஆகியவையே அவருக்குக் கிடைத்த ஆதாரங்கள். மற்றவை அனைத்தும் கற்பனை.

ஆனால் அந்தக் கற்பனைக்குப் பின்னால் நீண்ட பயிற்சி இருந்தது. 1876 முதல் 1881 வரை தோக்கியோ நகரக் காட்சிகளை வரைந்தபோது, எரிவாயு விளக்கின் ஒளி, மழையில் நனைந்த தெருவில் விழும் பிரதிபலிப்பு, தீப்பிழம்பின் செம்மை ஆகியவற்றை மரச்செதுக்கு அச்சில் கொண்டுவருவதற்கான வழிகளை அவர் தேடிக்கொண்டிருந்தார். கப்பலின் தேடுவிளக்கு இருளைக் கிழிப்பதையும், குண்டு வெடிக்கும் கணத்தில் புகை உள்ளிருந்து ஒளிர்வதையும் பின்னாளில் அவர் போர்ப் படங்களில் காட்ட முடிந்ததற்கு அந்தத் தெருவிளக்குகளே காரணம் என்பது என் கருத்து.

நீங்கள் குறிப்பிடும் படத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். அலைகளுக்கு மேலே போர் நடக்கிறது. அலைகளுக்குக் கீழே, ஒலியே இல்லாத நீல இருளில், கப்பலும் மனிதர்களும் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். மேலிருப்பவர்களுக்குக் கீழே நடப்பது தெரியாது. இரண்டையும் ஒருசேரப் பார்ப்பவர் படத்தின் முன் நிற்கும் வாங்குபவர் மட்டுமே. வெற்றிச் செய்தியைச் சொல்ல இந்தக் கோணம் தேவையே இல்லை; மேற்பரப்பில் எரியும் கப்பலைக் காட்டியிருந்தாலே போதும். அந்தச் சாவுகளின் ஆழத்தையும் காட்ட வேண்டும் என்று ஓவியருக்குத் தோன்றியிருக்கிறது.

போர்முனைக்கே சென்ற ஓவியர்களும் இருந்தார்கள். ‘கொகுமின் ஷிம்புன்’ நாளிதழ் குபோதா பெய்சென் என்ற ஓவியரை அனுப்பியது. அவருடைய மகன்களும் போரை வரைந்தார்கள். அதே நாளிதழுக்காக எழுத்தாளர் குனிகிதா தொப்போ, சியோதா என்ற போர்க்கப்பலில் இருந்துகொண்டு செய்தி அனுப்பினார். ஆயினும் கடைகளில் மிகுதியாக விற்ற படங்களின் ஓவியர்களான கியோச்சிகா, மிசுனோ தோஷிகதா, ஒகாதா கெக்கோ, மிகிதா தோஷிஹிதே போன்றோர் பெரும்பாலும் செய்தியைப் படித்து வரைந்தவர்களே.

கேள்வி (வாசகர், கும்பகோணம்): மரத்தில் செதுக்கி அச்சிடுவது மெதுவான வேலை அல்லவா? போர்ச் செய்தி பழசாவதற்குள் எப்படி முடித்தார்கள்?

பதில்: வேலையைப் பகிர்ந்துகொண்டதால் முடிந்தது. ஜப்பானிய அச்சுப் படத்தில் ஓவியர் பெயரே பெரிதாகத் தெரிந்தாலும், அது நான்கு கைகளின் வேலை. பதிப்பாளர் முதல் போட்டு, எந்தச் செய்தியைப் படமாக்குவது என்று முடிவு செய்வார். ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளைக் காட்டுச் செர்ரி மரப் பலகையின்மீது குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களைக் குடைந்தெடுப்பார். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பலகை தயாராகும். அச்சடிப்பவர் பலகையில் சாயத்தைத் தூரிகையால் பூசி, ஈரமாக்கிய தாளை அதன்மீது வைத்து, மூங்கில் மட்டையால் பொதிந்த வட்டமான தேய்ப்பானால் தாளின் முதுகைத் தேய்ப்பார். இயந்திர அழுத்தம் கிடையாது. கையின் அழுத்தம் மட்டுமே.

பத்துப் பன்னிரண்டு நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும்போது தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் படம் கெட்டுவிடும். அதற்காகப் பலகையின் ஒரு மூலையில் ‘ட’ வடிவக் காடியும், அதே விளிம்பில் சற்றுத் தள்ளி ஒரு நேர்க்காடியும் செதுக்கியிருப்பார்கள். தாளின் மூலையையும் விளிம்பையும் ஒவ்வொரு முறையும் அவற்றில் பொருத்தி வைத்தால் போதும். எளிய ஏற்பாடுதான், ஆனால் இந்தக் கலை முழுவதும் அதன்மீது நிற்கிறது.

போர்ப் படங்கள் பெரும்பாலும் மூன்று தாள் படங்கள். ஒவ்வொரு தாளும் ஏறத்தாழ 37 செ.மீ. உயரமும் 25 செ.மீ. அகலமும் கொண்டது. எனவே ஒரு படத்துக்கு மூன்று தொகுதிப் பலகைகள் தேவைப்பட்டன. அவற்றைப் பல செதுக்குபவர்களிடம் பிரித்துக் கொடுக்க முடிந்ததால் நேரம் மிச்சமானது.

கடற்போருக்கே உரிய ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். புகையும் மூடுபனியும் இரவுக் கடலும் கோடுகளால் வருபவை அல்ல. அச்சடிப்பவர் பலகையின் ஒரு பகுதியை ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சாயத்தை அடர்த்தியிலிருந்து மங்கலாகப் பரப்புவார். அப்போதுதான் கறுப்புப் புகை மெல்லச் சாம்பலாகி வானத்தோடு கலக்கும். இந்தச் சாய மங்கல் ஒவ்வொரு பிரதியிலும் சற்றே மாறும். ஆகவே ஒரே பலகையில் அச்சான இரண்டு படங்களில் ஒன்றில் புயல் நெருங்குவதுபோலவும் மற்றொன்றில் விடியல் வருவதுபோலவும் தோன்றுவது உண்டு.

கேள்வி (வாசகர், சேலம்): இவை அரசாங்கம் பணம் கொடுத்துச் செய்வித்த பிரச்சாரப் படங்களா?

பதில்: இல்லை, இவை கடைச்சரக்கு. பதிப்பாளர்கள் சொந்த முதலில் வெளியிட்டு, தெருவோரக் கடைகளில் தொங்கவிட்டு விற்றார்கள். 1894–95 போரின் சில மாதங்களில் மட்டும் சுமார் 3,000 வெவ்வேறு படங்கள் வெளியாகியிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அரசின் பங்கு தணிக்கையோடு நின்றது. போர் தொடங்கியதும் படை நடமாட்டம் குறித்த எதையும் வெளியிடுவதற்கு முன் அதிகாரிகளிடம் காட்ட வேண்டியிருந்தது.

அப்போது எட்டு வயதுச் சிறுவனாக தோக்கியோவின் நிஹோன்பாஷிப் பகுதியில் வளர்ந்துகொண்டிருந்த எழுத்தாளர் தனிசாகி ஜுனிச்சிரோ, நிங்யோசோவின் மூலைக் கடையொன்றில் தொங்கிய போர்ப் படங்களின் முன் தாம் ஏங்கி நின்றதைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட ஓவியர்கள் தோஷிகதா, கெக்கோ, கியோச்சிகா ஆகியோர்.

அரசு ஆணையிட்டுச் செய்வித்திருந்தால் இவற்றை அரசின் குரல் என்று ஒதுக்கிவைத்துவிடலாம். ஆனால் ஓவியரும் பதிப்பாளரும் வாங்குபவர் எதைப் பார்க்க விரும்புகிறார் என்பதைக் கணித்து, அதையே கொடுத்தார்கள். வாங்குபவரும் காசு கொடுத்து அதைத் தம் வீட்டுக்குள் கொண்டுபோனார். ‘நாம் யார்’ என்ற எண்ணம் அரசாணையைவிட இப்படிப்பட்ட வழியில்தான் ஆழமாக இறங்கும். இந்தப் படங்களை வரலாற்றாசிரியர்கள் இவ்வளவு கவனமாகப் படிப்பதன் காரணமும் அதுவே.

கேள்வி (வாசகர், புதுச்சேரி): அதற்கு முன்பு ஜப்பானிய ஓவியர்கள் கடற்போரை வரைந்ததே இல்லையா?

பதில்: நிறைய வரைந்திருக்கிறார்கள். ஆனால் அவை வேறு வகைக் கடல்கள். ஷோகுன் எனப்படும் படைத்தலைவர்கள் நாட்டை ஆண்ட தொக்குகாவா ஆட்சிக் காலத்தில் (1603–1868) சமகால அரசியலையும், அண்மைக் காலத்துப் போர்வீரர்களையும் பெயர் சொல்லி வரையத் தடை இருந்தது. 1804இல் புகழ்பெற்ற ஓவியர் உதமாரோ, பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்தலைவர் தொயோதோமி ஹிதேயோஷியை வரைந்ததற்காகக் கைவிலங்கிடப்பட்டார். ஹிதேயோஷி இறந்து இருநூறு ஆண்டுகள் கடந்திருந்தும் இந்தத் தண்டனை. எனவே ஓவியர்கள் பழங்கதைகளுக்குச் சென்றார்கள்.

கடல் என்றால் அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது 1185இல் நடந்த தன்னோஉரா போர். மினமோதோ குலத்திடம் தோற்ற தைரா குலத்தார், குழந்தைப் பேரரசர் அந்தோகுவோடு கடலில் மூழ்கி மாண்டார்கள். உதகாவா குனியோஷி 1850ஐ ஒட்டி வரைந்த மூன்று தாள் படமொன்றில், அந்தப் போரில் மாண்ட தைரா தோமோமோரியும் அவருடைய வீரர்களும் வெளிறிய ஆவிகளாகத் தைமோத்சு விரிகுடாவின் அலைகளிலிருந்து எழுந்து, வென்ற மினமோதோ தளபதி யோஷிட்சுனேயின் படகைச் சூழ்கிறார்கள். பார்ப்பவரின் மனம் ஆவிகளின் பக்கமே சாய்கிறது. தோற்றவர்களின் துயரத்துக்கு அந்தக் கடலில் இடம் இருந்தது. இரு தரப்பும் ஜப்பானியர்களே. எனவே ‘அந்நியன்’ என்று எவருமில்லை.

1853 ஜூலையில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி நான்கு கப்பல்களுடன் உராகாவுக்கு வந்தபோது இது மாறத் தொடங்கியது. மலிவான செய்தித்தாள்களில் அந்தக் கரிய கப்பல்கள் அரக்கர் முகத்தோடு அச்சாயின. 1859இல் யோகோஹாமா துறைமுகம் திறக்கப்பட்ட பிறகு, வெளிநாட்டுக் கப்பல்களையும் மனிதர்களையும் காட்டும் படங்களுக்குத் தனிச் சந்தையே உருவானது. அந்தக் கட்டத்தில் நீராவிக் கப்பல் என்பது அந்நியரின் ஆற்றல். ஜப்பானியர் கரையில் நின்று பார்ப்பவர்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கியோச்சிகாவின் படத்தில் ஜப்பானியர் நீராவிக் கப்பலின் மேல்தளத்தில் நிற்கிறார்கள். இந்த இடமாற்றத்தை உணர்ந்துகொண்டால்தான் 1894 படங்களில் ததும்பும் கிளர்ச்சி புரியும்.

கேள்வி (வாசகர், திருநெல்வேலி): படங்களை விளக்கும் கட்டுரைகளில் ‘தேசிய அடையாளம்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. ஒரு போர்ப் படம் எப்படி ஒரு தேசத்தின் அடையாளத்தை உருவாக்கும்? சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?

பதில்: 1894இல் ‘ஜப்பானியர்’ என்ற உணர்வு மிகவும் இளையது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டது 1871இல். கட்டாய ராணுவ சேவை வந்தது 1873இல். அதற்கு முன் ஒருவர் தம்மைச் சத்சுமாக்காரர், சோஷூக்காரர், எதோ (இன்றைய தோக்கியோ) நகரத்தவர் என்றே சொல்லிக்கொண்டிருப்பார். கியோச்சிகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1847இல் ஷோகுனுக்கு ஊழியம் செய்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஷோகுன் ஆட்சிக்கு முடிவுகட்டிய 1868 உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பைச் சேர்ந்தவர். அட்மிரல் இதோவோ அந்தப் போரில் வென்ற சத்சுமாவைச் சேர்ந்தவர். இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் முன்னவர் பின்னவரின் வெற்றியை ‘நம் படை’ என்று தலைப்பிட்டு வரைகிறார். அந்தச் சொல்லுக்குள் ஒரு பழைய பகையே புதைக்கப்பட்டிருக்கிறது.

அடுத்து, அச்சம். சீனாவின் டிங்யுவான், செங்யுவான் ஆகிய இரு போர்க்கப்பல்கள் ஜெர்மனியின் ஸ்டெட்டினில் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றிலும் 305 மி.மீ. விட்டமுள்ள நான்கு பீரங்கிகள் இருந்தன. 1886இல் அந்தக் கப்பல்கள் நாகசாகிக்கு வந்தபோது, சீன மாலுமிகளுக்கும் உள்ளூர்க் காவலர்களுக்கும் இடையே கலவரம் வெடித்து இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அதற்கு ஈடான கப்பல் ஜப்பானிடம் அப்போது இல்லை என்பது பொதுமக்களுக்கும் தெரிந்திருந்தது. 1893இல் பேரரசர் மெய்ஜி தம் அரண்மனைச் செலவிலிருந்து ஆண்டுக்கு 3,00,000 யென் வீதம் ஆறு ஆண்டுகளுக்குக் கப்பல் கட்டத் தருவதாக அறிவித்தார். அரசு ஊழியர்களின் சம்பளத்திலும் பத்தில் ஒரு பங்கு அதற்காகப் பிடிக்கப்பட்டது. ஆக, கடற்படை என்பது மக்கள் தாங்களே காசு கொடுத்து உருவாக்கியதாக உணர்ந்த ஒன்று. மஞ்சள் கடல் வெற்றி அத்தனை ஆண்டு அச்சத்தையும் ஒரே பிற்பகலில் தீர்த்துவைத்தது.

இப்போது படங்களுக்குள் வருவோம். யாரை வீரராகக் காட்டினார்கள் என்பதில் பெரிய மாற்றம் தெரிகிறது. பழைய படங்களில் வீரர் என்றால் உயர்குலத்துப் போர்த்தலைவர். 1894இல் பெரும்புகழ் பெற்றவரோ மியூரா தோராஜிரோ என்ற மூன்றாம் நிலை மாலுமி. தலைமைக் கப்பலான மத்சுஷிமாவைச் சீனக் குண்டு தாக்கியதில் ஏறத்தாழ நூறு பேர் இறந்தோ காயமுற்றோ விழுந்தார்கள். அவர்களில் ஒருவரான மியூரா, உயிர் பிரியும் நேரத்தில் அதிகாரியிடம் ‘டிங்யுவான் இன்னும் மூழ்கவில்லையா?’ என்று கேட்டதாகவும், ‘அது இனிப் போரிட முடியாது’ என்ற பதிலைக் கேட்டபின் கண்மூடியதாகவும் செய்தி பரவியது. கவிஞர் சசாகி நொபுட்சுனா அதைப் பாடலாக்கினார். ஓவியர்கள் அதைப் படமாக்கினார்கள். பட்டமும் பரம்பரையும் இல்லாத ஒருவரின் கடைசிக் கேள்வி ஒரு தேசத்தின் கேள்வியாக மாறியது. கடையில் நின்று அந்தப் படத்தைப் பார்த்த தச்சரும் மீன் விற்பவரும் அதில் தங்களைக் கண்டிருப்பார்கள்.

மற்றொரு மாற்றம் உடையிலும் உடல்மொழியிலும் இருக்கிறது. ஜப்பானிய அதிகாரிகள் கருநிறச் சீருடையில், மீசையோடு, நிமிர்ந்து, தொலைநோக்கியைக் கையில் ஏந்தி அமைதியாக நிற்கிறார்கள். பார்ப்பதற்கு ஐரோப்பியர்போலவே இருக்கிறார்கள். எதிரே சீனர்கள் பூவேலை செய்த உடையில், பின்னல் காற்றில் பறக்க, நிலைகுலைந்து சிதறுகிறார்கள். நாளிதழ் ஆசிரியரும் சிந்தனையாளருமான புகுசாவா யுகிச்சி, 1894 ஜூலையில் இந்தப் போரை நாகரிகத்துக்கும் காட்டுமிராண்டித்தனத்துக்கும் இடையிலான போர் என்று எழுதினார். ஓவியர்கள் அந்த வாக்கியத்துக்கு உருவம் கொடுத்தார்கள் என்றே சொல்லலாம்.

இதில் எவ்வளவு மறைக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். பெய்யாங் கடற்படையின் அதிகாரிகள் சிலர் ஐரோப்பாவில் பயிற்சி பெற்றவர்கள். அவர்களுடைய கப்பல்கள் நவீனமானவை. ஜப்பானின் மத்சுஷிமா பிரான்சிலும் யோஷினோ இங்கிலாந்திலும் கட்டப்பட்டவை. உண்மையில் ஐரோப்பாவிடமிருந்து கற்றுக்கொண்டும் கப்பல் வாங்கியும் வந்த இரண்டு ஆசிய நாடுகளின் மோதல் அது. படங்களிலோ ஒரு தரப்பு மட்டுமே நவீனமானது. சீனாவிலும் அந்த ஆண்டு போர்ப் படங்கள் அச்சாகி விற்றன. அவற்றில் சீனப் படையே வெல்கிறது.

கேள்வி (வாசகர், கோயம்புத்தூர்): எதிரியை இழிவாகக் காட்டும் படங்களை அழகிய கலை என்று ஒரு பத்திரிகை நடுப்பக்கத்தில் வெளியிடுவது சரியா?

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. இந்தப் படங்களின் அழகும் கொடுமையும் ஒரே தாளில் இருக்கின்றன. கியோச்சிகா இதே போர்க்காலத்தில் சீனர்களை இனரீதியாகக் கேலி செய்யும் தொடர் ஒன்றையும் வரைந்தார். அதை இன்று பார்க்கவே மனம் கூசுகிறது. மூழ்கும் மனிதர்களின் ஆழத்தைக் காட்டியதும் அதே கைதான். அழகை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வெட்டியெறிவது நேர்மையாகாது. கொடுமைக்காகப் படத்தையே மூடிவைத்தால், ஒரு சமூகம் எப்படித் தன்னை உயர்த்திக்கொள்ள அடுத்தவரைத் தாழ்த்தியது என்பதைப் பார்க்கும் வாய்ப்பையும் இழந்துவிடுவோம். அழகுதான் இந்தப் படங்களை அவ்வளவு தூரம் கொண்டுசென்றது. எனவே படத்தோடு விளக்கமும் சேர்ந்தே வர வேண்டும். சென்ற இதழில் நாங்கள் கொடுத்த இரண்டு வரி விளக்கம் போதாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

இரண்டு படங்களை ஒப்பிட்டுக் காட்டினால் என் எண்ணம் தெளிவாகும். 1895 பிப்ரவரியில் வெய்ஹாய்வெய் துறைமுகத்தில் சீனக் கடற்படை முற்றுகையில் சிக்கியது. மிகிதா தோஷிஹிதேயின் படமொன்றில் அட்மிரல் டிங் ருசாங் ஜப்பானிய அதிகாரிகளிடம் சரணடைகிறார். ஒரு புறம் கருஞ்சீருடையில் நிமிர்ந்து நிற்பவர்கள், மறு புறம் வண்ணப் பட்டுடையில் குனிபவர்கள். அப்படியொரு காட்சி நடக்கவே இல்லை. டிங் சரணடைவதற்குப் பதிலாக அபின் உட்கொண்டு உயிரை விட்டார். மக்கள் பார்க்க விரும்பிய காட்சி உண்மைக்கு முந்திக்கொண்டது.

மிசுனோ தோஷிகதாவோ அதே டிங்கின் கடைசி நேரத்தை வரைந்தார். அதில் கேலி இல்லை. தம் இல்லத்தில், தோல்வியின் முன் தனித்திருக்கும் ஒரு தளபதியை அவர் காட்டுகிறார். தோல்வியை ஏற்று உயிர்விடும் வீரரை மதிக்கும் பழைய ஜப்பானிய மரபு அந்தத் தாளில் மீண்டும் தலைகாட்டுகிறது. குனியோஷியின் ஆவிகளுக்கு இருந்த இடம் இங்கே ஓர் அந்நிய அட்மிரலுக்குக் கிடைத்திருக்கிறது. அட்மிரல் இதோவும் டிங்கின் உடலை உரிய மரியாதையோடு எடுத்துச்செல்ல, கைப்பற்றிய கப்பல் ஒன்றை விட்டுக்கொடுத்தார். அதே சமயம், டிங்யுவானின் பாகங்கள் ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டு, தசைபு என்ற ஊரில் ஒரு கட்டடமாகவே எழுப்பப்பட்டன. அது இன்றும் இருக்கிறது. மரியாதையும் வெற்றிப் பெருமிதமும் ஒன்றையொன்று விலக்கவில்லை.

கேள்வி (வாசகர், தஞ்சாவூர்): 1905இல் ரஷ்யாவை வென்ற சுஷிமா போர் இதைவிடப் பெரியதல்லவா? அதற்கு இத்தகைய படங்கள் அதிகம் காணப்படவில்லையே?

பதில்: போர் பெரியது, படங்கள் குறைவு என்பது உண்மையே. 1904 பிப்ரவரியில் போர்ட் ஆர்தர் துறைமுகத்தில் ரஷ்யக் கப்பல்களை ஜப்பான் தாக்கியபோது, பதிப்பாளர்கள் பத்தாண்டுக்கு முந்தைய வியாபாரம் திரும்பும் என்று நம்பினார்கள். டார்பிடோ படகுகள் பனியிலும் தேடுவிளக்கின் ஒளியிலும் பாயும் அழகிய படங்கள் வந்தன. சிலவற்றில் வெளிநாட்டாருக்காக ஆங்கிலத் தலைப்பும் சேர்த்தார்கள். இம்முறை எதிரி ஐரோப்பியர் என்பதால் உடையைக் காட்டி நாகரிக வேறுபாட்டை வரைய முடியவில்லை. ரஷ்ய அதிகாரிகள் பல படங்களில் ஓரளவு கண்ணியத்தோடுதான் காட்டப்படுகிறார்கள்.

ஆனால் வாடிக்கையாளர்கள் விலகிவிட்டார்கள். அதற்குள் புகைப்படங்களை நேரடியாக அச்சிடும் இதழ்களும் படம் போட்ட அஞ்சலட்டைகளும் எங்கும் கிடைத்தன. மார்ச் 27 அன்று போர்ட் ஆர்தரின் வாயிலைக் கப்பல்களை மூழ்கடித்து அடைக்கும் முயற்சியில், காணாமற்போன தம் கீழ்நிலை வீரரைத் தேடித் தாமதித்து உயிரிழந்த கடற்படை அதிகாரி ஹிரோசே தகேயோ ‘போர்த் தெய்வம்’ என்று போற்றப்பட்டார். அவர் நினைவு நிலைத்தது பெரும்பாலும் பாடலாலும், 1910இல் தோக்கியோவின் மன்செய்பாஷியில் நிறுவிய வெண்கலச் சிலையாலும்தான். 1905 மே 27, 28 தேதிகளில் நடந்த சுஷிமா போரை நினைப்பவர் மனத்தில் வருவதும் மரச்செதுக்கு அச்சு அன்று. ஜப்பானின் தலைமைக் கப்பலான மிகாசாவின் மேல்தளத்தில் அட்மிரல் தோகோ நிற்கும், தோஜோ ஷோதாரோ தீட்டிய எண்ணெய் ஓவியமே. கியோச்சிகா 1915இல் காலமானார். போர்ச் செய்தியைச் சொல்லும் வேலையை அவருடைய கலை அதற்கு முன்பே இழந்திருந்தது.

கேள்வி (வாசகர், சென்னை): பழைய பொருள்கள் விற்கும் கடையில் இத்தகைய படம் ஒன்றைப் பார்த்தேன். அசலா என்று எப்படி அறிவது? நல்ல படங்களை எங்கே காணலாம்?

பதில்: முதலில் படத்தைத் திருப்பிப் பாருங்கள். கையால் அச்சிட்ட தாளில் சாயம் ஊறி முதுகுப் பக்கமும் நிறம் தெரியும். தேய்ப்பானின் வட்டத் தடங்களையும் சாய்வெளிச்சத்தில் காணலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் நிறங்கள் சிறு புள்ளிகளாகப் பிரிந்து தெரிந்தால் அது பிற்காலத்து இயந்திர அச்சு. பிறகு ஓர வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். அச்சிட்ட தேதி, பதிப்பாளரின் பெயர், முகவரி ஆகியவை செங்குத்தான சிறிய எழுத்துகளில் இருக்க வேண்டும். ஆண்டு பேரரசர் மெய்ஜியின் ஆட்சிக் கணக்கில் இருக்கும்: மெய்ஜி 27 என்றால் 1894, மெய்ஜி 28 என்றால் 1895. சட்டமிடுவதற்காக அந்த ஓரத்தை வெட்டிவிட்ட பிரதிகள் பல உண்டு; அவை போலி அல்ல, ஆனால் மதிப்புக் குறைந்தவை. மூன்று தாள்களில் ஒன்று மட்டும் அதிகமாக வெளுத்திருந்தால், வேறு பிரதியிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள் என்று ஐயப்படலாம்.

வாங்கினால் வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். அக்காலத்துச் செயற்கைச் சாயங்களில், குறிப்பாக ஊதாவும் சில சிவப்புகளும் ஒளியில் விரைவில் மங்கிவிடும். வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் உள்ள பெரிய தொகுப்புகளின் படங்களை இணையத்தில் காணலாம். அங்குள்ள பிரதியின் கோடுகளோடு கடையில் இருப்பதை வைத்துப் பாருங்கள். கயிறுகள், பாய்மரக் கம்பங்கள், அலை நுரையின் நுனி ஆகிய மெல்லிய கோடுகள் தடித்தோ உடைந்தோ இருந்தால் அது தேய்ந்த பலகையில் பிந்தி எடுத்த பிரதி. விலையைப் பேசும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.